அவகாசம் கேட்டு ஒரு மின்னஞ்சல்

டிசம்பர் பிறந்தால் ஊரே பல்லைக் காட்டிச் சிரிக்கும். எங்கள் துறை மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்குகிறேன் என்று வந்து மாட்டிக்கொண்டவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வருகிறது, எங்களுக்குக் கட்டுரை வருகிறது. பாடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இருபத்தைந்து பக்கம், அடிக்குறிப்பு தனி. அந்த வருஷம் என் தலையில் மூன்று. போதாக்குறைக்கு, நான் உதவி ஆசிரியையாக இருந்த முதலாண்டு வகுப்பின் தேர்வுத்தாள்கள் வேறு ஒரு கட்டு, திருத்தச் சொல்லி மேசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தன.

எங்கள் அறை நிலவறையில் இருந்தது. சன்னல் என்று ஒன்று உண்டு. அதில் தெரிவது வெளியே நடப்பவர்களின் பூட்ஸும், பூட்ஸைச் சுற்றிப் பனியும்தான். விஸ்கான்சினில் டிசம்பரில் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் நான் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அறையைப் பகிர்ந்துகொண்டவன் டோபின். ஜார்ஜியாக்காரன், குளிர் தாங்காமல் உள்ளேயும் குல்லாய் போட்டுக்கொண்டு திரிவான். நல்லவன், ஆனால் வாய் சும்மா இருக்காது.

அந்த அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். பருவ இறுதியில் 'பாட்டி இறந்துவிட்டார், கட்டுரைக்கு அவகாசம் வேண்டும்' என்று மாணவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள் இல்லையா, ஒவ்வொரு பாட்டிக்கும் அதில் ஒரு கோடு. எல்லாத் துறையிலும் இருக்கும் கிண்டல்தான் இது. தேர்வு வந்தால் அமெரிக்கா முழுக்கப் பாட்டிகள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அந்த டிசம்பரில் பலகையின் ஒரு மூலை நிறைந்து, டோபின் அடுத்த மூலைக்குப் போயிருந்தான்.

என்னிடம் ஒரு பாட்டியும் இல்லை. அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. இருந்தது ஐலி அத்தை ஒருத்திதான்.

ஐலி அத்தை அப்பாவின் அக்கா. மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அப்பா இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலைக்குப் போய்விடுவார், வந்தால் தூங்குவார், பிறகு ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தார். அத்தைதான் எனக்குச் சோறு போட்டாள், மூக்கைச் சிந்திவிட்டாள், பேருந்தில் தனக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் உட்கார வைத்து என்னை வளர்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க எத்தனையோ முறை கூப்பிட்டாள். நான்தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேருந்து ஓட்டுபவளின் வீட்டில் வளர்ந்து வண்டி ஓட்டத் தெரியாத ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன்.

இலையுதிர் காலத்திலேயே அத்தையின் இதயம் களைத்துவிட்டிருந்தது. கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. டிசம்பர் நடுவில் ஊர் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தினமும் போனில் பேசினோம்.

"என்னடி, வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" என்பாள் எடுத்த எடுப்பிலேயே.

"அது வீட்டுப்பாடம் இல்ல அத்தை. ஆய்வுக் கட்டுரை."

"வீட்டுல உக்காந்து எழுதுறதுதானே? அப்ப வீட்டுப்பாடம்தான். முடிச்சுட்டு வா. அரைகுறையா விட்டுட்டு வந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காத."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன. ராணி மாதிரி படுத்திருக்கேன். இவங்க போடுற சூப்பைத்தான் நாய்கூட மோந்து பாக்காது."

நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது என்றும் சொல்லலாம். இரண்டு கட்டுரைகளை எப்படியோ முடித்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது கட்டுரை பேராசிரியர் ஹாலத்துக்கு. அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை. என் தலைப்பு என்ன தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் வரும் மரணப் படுக்கைக் காட்சிகள். செப்டம்பரில் தேர்ந்தெடுத்தது. அந்த நாவல்களில் பனி கொட்டினாலும், குதிரை நொண்டினாலும், வரவேண்டியவர்கள் சரியான நேரத்தில் படுக்கையருகே வந்து நின்றுவிடுவார்கள் என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். மீதிப் பக்கங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை.

கெடு இருபத்து மூன்றாம் தேதி. இருபத்திரண்டாம் தேதி காலையில் பெர்னிஸ் கூப்பிட்டாள். அத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள். இரண்டு பேரும் நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாகக் காப்பி குடித்தவர்கள்.

"சென்யா, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். கிளம்பி வா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் சொல்றத விடு. நான் சொல்றேன், வா. அவ உன்ன வரவேணாம்னுதான் சொல்லுவா. அத நம்பாத."

வடக்கே போவதற்கு நாளுக்கு ஒரே பேருந்து, பகல் ஒரு மணிக்கு. அப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. நேரம் தாராளமாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். போய்க்கொண்டே கேட்டிருப்பார்கள். அத்தையாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள். எனக்கு மட்டும் புத்தி இப்படிப் போனது: முதலில் ஹாலத்திடம் அவகாசம் கேட்க வேண்டும், அவர் சரி என்று எழுத வேண்டும், அப்புறம்தான் பேருந்து. ஏனென்றால் போன வசந்தப் பருவத்துக் கட்டுரை ஒன்று ஏற்கனவே என் பெயரில் 'முடிக்கவில்லை' என்ற முத்திரையோடு நின்றது. இரண்டாவது முத்திரை விழுந்தால் துறைக் குழு கூடும், உதவித்தொகையைப் பற்றிப் பேசும். அப்படிப் பயந்து பயந்து பழகிவிட்டேன். அனுமதி கேட்காமல் தும்மக்கூட வராத ஜன்மமாகிவிட்டேன்.

பையைக் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். 'என் அத்தை சாகக் கிடக்கிறார். நான் ஊருக்குப் போக வேண்டும். கட்டுரையைத் தாமதமாகத் தரலாமா?' மூன்று வரி. எழுத அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்தேன். அங்கேதான் வினை. படித்தது அத்தையின் மருமகள் இல்லை, பருவம் முழுக்கச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவள். 'சான்று எங்கே?' என்றது பேனா. 'மிகையுணர்ச்சி' என்றது. மரணப் படுக்கையைப் பற்றி எழுதுகிறவள் மரணப் படுக்கையைக் காரணம் காட்டி அவகாசம் கேட்கிறாளாம். இப்படி ஒரு மின்னஞ்சல் என் வகுப்பிலிருந்து எனக்கு வந்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அதனால் விவரம் சேர்த்தேன். மருத்துவமனையின் பெயர், என்றைக்குச் சேர்த்தார்கள், எந்த மருந்து. படித்தால் அதைவிட மோசம். பொய் சொல்கிற பிள்ளைகள்தான் இத்தனை விவரம் கொடுப்பார்கள். பாட்டி வளர்த்த பூனையின் பெயர் வரைக்கும் எழுதுவார்கள். விவரத்தை எடுத்தேன். எடுத்த இடம் மொட்டையாக நின்றது. அத்தை என்றால் யாரோ தூரத்து உறவு என்று நினைத்துவிடப் போகிறார் என்று, அவள் என்னை வளர்த்த கதையை ஒரு பத்தி எழுதினேன். கப்பல், பேருந்து, முதல் இருக்கை எல்லாம் வந்தன. கண்ணீர் வந்தது. கண்ணீரோடு கண்ணீராக ஒரு அரைப்புள்ளியையும் திருத்தினேன். என்னை என்ன செய்தால் தகும்?

டோபின் குல்லாயோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். அவனுக்கு மதியம் விமானம்.

"ரெண்டாவது பத்தி அருமை. எனக்கே தொண்டை அடைக்குது," என்றான். "ஆனா ஹாலம் நம்பாது."

"ஏன்?"

"அத்தைக்கெல்லாம் யாரு அவகாசம் குடுக்குறா? பலகையப் பாரு, எல்லாம் பாட்டி. அத்தைக்குத் தனியாக் கோடே கிடையாது." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஏய், நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"மன்னிச்சுக்க. நான் ஒரு முட்டாள்." குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"அப்ப நேரம் இருக்கு. அத அனுப்பித் தொலைச்சுட்டுக் கிளம்பு. வேணும்னா நான் இருக்கட்டுமா?"

"வேணாம். உனக்கு விமானம் போயிடும்."

போகும்போது என் மேசையில் பாதி பாக்கெட் பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனான். கதவு சாத்திய சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. மாடியில் யாருமில்லை, பக்கத்து அறைகளில் யாருமில்லை. விடுமுறைக்காகச் சூடேற்றியைக் குறைத்துவிட்டிருந்தார்கள். குழாய்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து டக் டக்கென்று சத்தம் போட்டன. சன்னலில் பூட்ஸ்கூட இல்லை. எனக்கு அழுகை முட்டியது. இந்தக் கட்டிடத்தில் நான் உயிரோடு இருப்பது டோபினைத் தவிர யாருக்கும் தெரியாது, அவனும் ஜார்ஜியாவுக்குப் போகிறான் என்று நினைத்தேன். பேசாமல் மறுபடியும் மின்னஞ்சலுக்குள் போய்விட்டேன். அங்கே எனக்குத் தெரிந்த வேலையாவது இருந்தது.

மூன்று பத்தியை இரண்டாக்கினேன். இரண்டை ஒன்றாக்கினேன். 'சாகக் கிடக்கிறார்' என்பது முரடாகப் பட்டது. 'இறுதிக் கட்டத்தில் இருக்கிறார்' என்று மாற்றினேன். பத்திரிகைச் செய்தி மாதிரி இருந்தது. 'உடல்நிலை கவலைக்கிடம்' என்றேன். அமைச்சருக்குச் சொல்வது மாதிரி இருந்தது. அதையும் அடித்தேன். கடைசி வரியில் நன்றி சொல்வதா, வருத்தம் தெரிவிப்பதா? நன்றி சொன்னால் அவர் சம்மதித்துவிட்டதாக நானே முடிவு கட்டியது போலாகும். வருத்தம் தெரிவித்தால் குற்றம் செய்தவள் போலாகும். இதற்கு மேல் யோசிப்பதற்கு உலகத்தில் ஒன்றுமே இல்லாதது போல யோசித்தேன்.

தலையை நிமிர்த்தியபோது ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

அப்படி ஒரு ஓட்டம் நான் ஓடியதில்லை. பை ஒரு பக்கம், கழுத்துத் துணி ஒரு பக்கம். நூலகத்தைத் தாண்டி, வழுக்கும் படிக்கட்டில் உட்கார்ந்தே சறுக்கி இறங்கி, முக்கு திரும்பினேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. கையை ஆட்டினேன், கத்தினேன். பின்விளக்கு சிவப்பாகத் தெரிந்தது, பிறகு பனியில் அதுவும் தெரியவில்லை.

மூடிக் கிடந்த சாண்ட்விச் கடையின் முன்னால் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தேன். கையுறையைக் கழற்றி, மரத்துப்போன கட்டைவிரலால் போனில் தட்டினேன். 'என் அத்தை சாகக் கிடக்கிறார். நான் ஊருக்குப் போக வேண்டும். கட்டுரையைத் தாமதமாகத் தரலாமா?' காலையில் எழுதிய அதே மூன்று வரி. அனுப்பினேன்.

கையுறையை மறுபடி மாட்டி முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது.

'உடனே போ. கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டா இருப்பது? ஹாலம்.'

அதைப் படித்துவிட்டு அந்த அம்மாள் மேல்தான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாக இருக்குமென்று ஒருவராவது முன்பே சொல்லியிருக்கலாமே! பிறகு கோபம் வரவேண்டிய ஆள்மேல் வந்தது.

டாக்சிக்காரர்களைக் கூப்பிட்டேன். அந்தப் பனியில் அவ்வளவு தூரமா என்று ஒருவர் சிரித்தே விட்டார். தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். ஒருத்தி விமான நிலையத்தில் இருந்தாள், ஒருவன் மாமியார் வீட்டில் வான்கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் எங்கேயாவது யாரோடாவது இருந்தார்கள். எல்லாருடைய குரலுக்குப் பின்னாலும் பாட்டும் பாத்திரச் சத்தமும் கேட்டன. "அடடா, பாவமே," என்றார்கள். கடைசியில் பெர்னிஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை அத்தையின் காதில் வைத்தாள்.

"எங்கடி இருக்க?" அத்தையின் குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"பஸ்ஸ விட்டுட்டேன் அத்தை."

"நீயா? நான் வளத்த புள்ளையா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்படி என்ன செஞ்சுக்கிட்டிருந்த?"

"டீச்சர்கிட்ட லீவு கேட்டு எழுதிக்கிட்டிருந்தேன்."

"எவ்வளவு பெரிய கடுதாசி?"

"மூணு வரி."

விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறுகிறது என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வரிக்கா... காலையிலேர்ந்தா..." இருமினாள், மறுபடி சிரித்தாள். "நீ ஓடி வந்தியா?"

"ஓடி வந்தேன். கத்தினேன். அவன் நிறுத்தல."

"யாரு அந்த டிரைவரு? ஓடி வர்ற புள்ளைய விட்டுட்டு ஒருநாள்கூட நான் வண்டிய எடுத்ததில்ல. அவன் மேல புகார் எழுதிப் போடு." மூச்சுக்காக நிறுத்தினாள். "வேணாம் வேணாம். நீ எழுத உக்காந்தா நாளைக்கு பஸ்ஸும் போயிடும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். பெஞ்சில் பனி ஏறிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வந்துருவேன் அத்தை. சத்தியமா."

"வா, வா. நான் எங்க போகப்போறேன். குல்லா போட்டுக்க." பிறகு பெர்னிஸ் போனை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கே போய் நிறுத்தத்தில் நின்றேன். மற்றவர்கள் வரத் தொடங்கியபோது என் பூட்ஸுக்குள் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. எல்லார் மடியிலும் பரிசுப் பொட்டலம், என் மடியில் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண், "வீட்டுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க, இல்ல?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். எல்லாரும் என்பது ஒருத்திதான் என்று அவளிடம் சொல்லவில்லை. ஊரைத் தாண்டியதும் பைன் மரமும் பனியுமாகப் போனது வழி. மிச்சிகன் எல்லையருகே போனில் இணைப்பு அறுந்தது. வண்டி ஊர்ந்தது. இருட்டிவிட்டது.

எங்கள் ஊரில் பேருந்து பெட்ரோல் நிலையத்தின் முன்னால் நிற்கும். பெர்னிஸின் பிக்கப் வண்டி அங்கே உறுமிக்கொண்டு நின்றது. பெர்னிஸ் உள்ளே உட்காராமல் வெளியே நின்றாள், அந்தக் குளிரில், தலையில் ஒன்றும் போடாமல். பார்த்ததும் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்தேன்.

"எப்ப?"

"அஞ்சு மணிக்கு. தூக்கத்துலயே." பெர்னிஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மத்தியானத்துலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா. பஸ் வந்துடுச்சா, பஸ் வந்துடுச்சான்னு. கடைசியாக் கேட்டப்ப வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். வாசல்ல இறங்கிக்கிட்டிருக்கான்னு சொன்னேன். தப்பாடி?"

"இல்ல."

"அதுக்கும் விடல அவ. 'புள்ளைக்கு இடம் கிடைச்சுதா, நின்னுக்கிட்டே வந்தாளா'ன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? உக்காந்துதான் வந்தான்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டுக் கண்ண மூடுனா."

பேருந்து கிளம்பி எங்களைத் தாண்டிப் போனது. பெர்னிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தான் சொன்னதில் ஏதாவது நிஜமா என்று கேட்பவள் மாதிரி.

"உக்காந்துதான் வந்தேன் பெர்னிஸ்," என்றேன். "சன்னலோரம்."